தங்கத் தாதுவைச் சோதிக்க 30 கிராம் போதுமா? மாதிரி அளவில் நடக்கும் தவறுகள்

தங்கத் தாதுவை உருக்கிப் பார்க்கும் ஃபயர் அசே சோதனைக்கு லேபில் வழக்கமாக 30 அல்லது 50 கிராம் தூள்தான் எடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு, கைப்பிடியளவு கல் அனுப்பினாலே தாராளம் என்று நினைத்துவிடுகிறார்கள். 30 கிராம் என்பது மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போடும் அளவு. பாறையிலிருந்து எடுக்க வேண்டிய அளவு வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். டன்னுக்கு 5 கிராம் தங்கம் உள்ள தாது. தங்கம் முழுக்க 1 மில்லிமீட்டர் உருண்டைகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உருண்டை சுமார் 10 மில்லிகிராம். அப்படியானால் 2 கிலோ தாதுவுக்குச் சராசரியாக ஒன்றுதான் கிடைக்கும். அந்த 2 கிலோவை 30 கிராம் பொட்டலங்களாகப் பிரித்தால் அறுபதுக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் பூஜ்யம். ஒன்றில் மட்டும் டன்னுக்கு 330 கிராமுக்கு மேல்! லேபின் மேல் குற்றமே இல்லை. அதே தங்கம் 0.1 மில்லிமீட்டர் துகள்களாக இருந்தால், ஒவ்வொரு 30 கிராமிலும் ஏறக்குறைய 15 துகள் விழும். முடிவுகளும் ஓரளவு ஒத்துப்போகும். ஆக, தங்கம் எவ்வளவு பருமனாக இருக்கிறது என்று தெரியாமல் மாதிரி அளவை முடிவு செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ சுரங்கப் பகுதி இந்தத் தலைவலிக்குப் பேர்போனது.

அடுத்தது, உடைக்காமலே பங்கு போடுவது. கல் கல்லாக இருக்கும் குவியலிலிருந்து ஒரு கிலோ அள்ளிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவார்கள். 1950களில் மாதிரியெடுப்புக் கோட்பாட்டை வகுத்த பிரெஞ்சுக்காரர் பியேர் ஜி காட்டிய வழியில் பார்த்தால், தேவையான எடை பெரும்பாலும் கல்லின் அளவின் மும்மடியை ஒட்டி ஏறும். கல் இரண்டு மடங்கு பெரிதானால் எடை எட்டு மடங்கு. அதனால் முதலில் முழுவதையும் உடைத்துப் பொடியாக்கி, அப்புறம் ரிஃபிள் பிரிப்பானில் (கொட்டும் தூளைச் சிறு வழிகளால் இரு பக்கமும் சமமாகப் பிரிக்கும் பெட்டி) பாதியாக்குங்கள். கரண்டியால் மேலாக அள்ளாதீர்கள். கனமான தங்கம் அடியில் தங்கிவிடும்.

அரைத்த ஒரே தூளை மறுபடி சோதித்து, “இரண்டு தடவையும் ஒத்துவந்தது” என்று நிம்மதி அடைவதும் உண்டு. அந்தத் தூள் ஒத்துவந்தது, சரி. பாறையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதே குவியலிலிருந்து தனியாக இன்னொரு மாதிரி எடுத்தால்தான் உண்மையான வேறுபாடு தெரியும்.

பருமனான தங்கம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் சல்லடை முறை ஃபயர் அசே கேளுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ தூளை நுண்சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை முழுவதும் உருக்குவார்கள். கீழே விழுந்ததில் இரண்டு பங்கு எடுத்துச் சோதித்து, எடைப்படி சராசரி காண்பார்கள். செலவு கூடும்தான். கண்ணுக்குத் தெரியும் தங்கம் இருந்தால் பையின் மேல் எழுதியும் அனுப்புங்கள். அரவை இயந்திரத்தில் ஒட்டியது அடுத்த மாதிரியில் கலக்காமல் இருக்க, இடையில் தங்கமில்லாத வெறும் குவார்ட்ஸ் கல்லைப் போட்டு அரைத்துச் சுத்தம் செய்வார்கள்.