எஞ்சின் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் பழி விழுவது தெர்மோஸ்டாட் மீதுதான். "அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், சூடே ஆகாது" என்று சொல்பவர்கள் நிறைய. வெயில் ஊர்களுக்கு அது தேவையே இல்லை என்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். ஏன் என்று புரிய, அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் நடுவில் மெழுகு அடைத்த ஒரு சிறு உலோகக் குப்பி இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலண்ட் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து, ஒரு கம்பியைத் தள்ளி, வால்வைத் திறக்கும். சூடு இறங்கினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 82, 88, 92 டிகிரி செல்சியஸ் என்பவை பரவலாகக் காணப்படும் அளவுகள். அந்த அளவில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் சுமார் 10 முதல் 15 டிகிரி கூடும்போதுதான் முழுதாகத் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் தேவைக்கேற்பக் கொஞ்சம் திறந்தும் கொஞ்சம் மூடியும் வேலை செய்யும். எனவே இதைத் தண்ணீரின் வழியில் நிற்கும் தடையாகப் பார்க்கக் கூடாது. எவ்வளவு கூலண்ட் ரேடியேட்டருக்குப் போக வேண்டும், எவ்வளவு எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்று பங்கிடுவது இதுதான்.

கழற்றினால் என்ன ஆகும்

ரேடியேட்டருக்குப் போகும் வழி மூடியிருக்கும்போது வாட்டர் பம்ப் தள்ளும் கூலண்ட் எங்கேயாவது போயாக வேண்டும். அதற்காக பைபாஸ் என்ற குறுக்கு வழி இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, இந்த அடித்தட்டு இறங்கி பைபாஸை அடைக்கும். இப்படிப்பட்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் பைபாஸை அடைக்க ஆளே இல்லை. எஞ்சினில் கொதித்து வந்த கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்பிவிடும். மேட்டில் ஏறும்போதும், ஏசி ஓடும்போதும், வண்டி நிறையப் பாரம் ஏற்றும்போதும் எஞ்சின் முன்பைவிட வேகமாகச் சூடாகும். கழற்றியும் சூடு தீரவில்லையே என்று அடுத்து ரேடியேட்டரை மாற்றி, பம்பை மாற்றிப் பணத்தைச் செலவழிப்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

பைபாஸ் தட்டு இல்லாத எஞ்சின்களில் தொல்லை வேறு விதம். அங்கே எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. நெடுஞ்சாலையில் காற்று நன்றாக அடிக்கும்போது கூலண்ட் 60 டிகிரியைத் தாண்டாமலேகூட ஓடலாம். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். எரிப்பில் உண்டாகும் நீரும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலில் தங்கிச் சேறு கட்டும். பிஸ்டன் ரிங் தேயும், மைலேஜ் இறங்கும், ஹீட்டர் வேலை செய்யாது. பல டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் சரியான சூட்டில் இருக்க வேண்டும். அது நடக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறு எண் வந்தால், கூலண்ட் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், கழற்றப்பட்டிருந்தாலும் இதே எண்தான் வரும்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் சூட்டை விடுவதற்கு நேரம் கிடைக்காது என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது சரியில்லை. வேகமாக வெளியேறும் தண்ணீர் அதே வேகத்தில் ரேடியேட்டருக்குத் திரும்பியும் வருகிறது. உண்மையான காரணம் பைபாஸ் திறந்து கிடப்பதுதான். அதோடு, வெளியேறும் வழியில் தெர்மோஸ்டாட் அமைந்த எஞ்சின்களில் அது எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் வைக்கிறது. அந்த அழுத்தம் போனால் ஹெட்டின் மிகச் சூடான மூலைகளில் கூலண்ட் உள்ளூரக் கொதித்துக் குமிழி கட்டும்.

பார்க்காமலே மாற்றுவது

சூடாகும் நேரத்தைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நின்றால் சரியாக இருந்து, வேகமாக ஓட்டும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் இறக்கை அரிப்பு, உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கூலண்ட் குறைந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் தெரிந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படுங்கள். அதற்குத் தெர்மோஸ்டாட் மாற்றி ஒரு பயனும் இல்லை.

ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் அது 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துகிறது. அந்த அழுத்தத்தால்தான் கூலண்ட் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், எஞ்சினில் வேறு கோளாறே இல்லாமல் கொதித்து வழியும்.

ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். கூலண்ட் எஞ்சினைவிட்டு வெளியேறும் பக்கம் அது இருந்தால், எஞ்சின் சூடான பிறகும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருப்பது மூடிச் சிக்கியதற்கு அடையாளம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதுமே மேல் ஹோஸ் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டு வந்தால் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட், கூலண்ட் உள்ளே நுழையும் பக்கத்தில், கீழ் ஹோஸின் முனையில் இருக்கும். அங்கே மேல் ஹோஸ் முதலிலிருந்தே சூடாகலாம், கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும். கை வைக்கும்போது ஃபேனும் பெல்ட்டும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். மின் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் திடீரென்று சுழலும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் கூலண்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 100ஐ நெருங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் உண்மையான எண்ணைக் காட்டிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலண்ட் மிகவும் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியும் முன் சோதித்துப் பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதைக் கம்பியில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வையுங்கள். பொறித்த வெப்பநிலைக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் விட்டால் வால்வு சுமார் 8 மில்லிமீட்டர் விலக வேண்டும். வெளியே எடுத்தால் ஆறியதும் முழுதாக மூட வேண்டும். 92 டிகிரியும் அதற்கு மேலும் குறியிட்டவை வெறும் தண்ணீரில் முழுதாகத் திறக்காமல் போகலாம், அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஒருமுறை கடுமையாகக் கொதித்திருந்தால், இந்தச் சோதனையில் தேறினாலும் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. அந்தச் சூட்டில் மெழுகுக் குப்பியின் ரப்பர் பலவீனப்பட்டிருக்கும்.

தவறான தெர்மோஸ்டாட் வாங்குவது

92க்குப் பதிலாக 76 டிகிரி போட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்ற எண்ணம் பரவலானது. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது அதன் அளவையும் காற்றையும் பொறுத்தது. தெர்மோஸ்டாட் சீக்கிரம் திறந்தால் சூடு ஏறத் தொடங்குவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் சில நிமிடம் தாமதமாக அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

மாற்றும்போது வெப்பநிலை மட்டுமின்றி, விட்டம், பைபாஸ் தட்டின் உயரம், வால்வு தூக்கும் அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒயர் பொருத்திய தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில் உள்ளே ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுத்து அதை முன்கூட்டியே திறக்கும். அங்கே சாதாரண வகையைத் திணித்தால் கோளாறு விளக்கு எரிவதோடு கட்டுப்பாடும் போய்விடும். தட்டில் நாலைந்து ஓட்டை போடுவதும் வேண்டாம். காற்று வெளியேற ஒரு சிறு துளை போதும், பலவற்றில் அதுவும் ஏற்கெனவே இருக்கும்.

பொருத்தும்போது

எஞ்சின் முழுதாக ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் கூலண்ட் சட்டென்று கொதித்து முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளையும், விரிசலும் விடும்.

கூலண்டை வடிக்கும்போது எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இது கைகொடுக்கும். தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் ஹவுசிங்கைக் கழற்றும் முன் பழைய தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் குப்பியில் சூடு நேராகப் படாமல், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேலே, கடிகாரத்தின் 12 மணி நிலையில் வர வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் தப்பிக்கும்.

பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை அலுமினிய முகத்தில் கீறல் விழாமல் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியே போதும். விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும் வகைக்குச் சிலிக்கான் பசை தேவையே இல்லை, ரப்பரைக் கூலண்டில் நனைத்தால் போதும். காகித கேஸ்கெட்டுக்குப் பசை தேவைப்பட்டாலும் மெல்லிய படலம்தான். வழிய வழியப் பூசினால் உள்பக்கம் பிதுங்கும் கட்டிகள் பிய்ந்துபோய் ரேடியேட்டர் குழாய்களையும், ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும் அடைக்கும்.

அடுத்த தவறு மிகச் சுலபமாக நடந்துவிடும். தெர்மோஸ்டாட் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நழுவியிருக்கும்போதே போல்ட்டை முறுக்கினால் ஹவுசிங் வெடித்துவிடும். முதலில் கையால் முறுக்கி, ஹவுசிங் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சிறு போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதுமானது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்குகள் பழசாகி நொறுங்கும் நிலையில் இருந்தால் தெர்மோஸ்டாட்டுடன் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

காற்று எடுக்காமல் விடுவது

தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகும் சூடாகும் வண்டிகளில் இதுதான் முதல் காரணம். உள்ளே சிக்கிய காற்று தெர்மோஸ்டாட்டைச் சுற்றி நின்றால் மெழுகுக்குச் சூடு எட்டாது, வால்வு திறக்காது. புதிய தெர்மோஸ்டாட் மீதே பழி வந்து சேரும்.

வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருந்தால் காற்று எளிதில் மேலே வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று எடுக்கும் திருகு இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை மெதுவாக ஊற்றி, பிறகு திருகை மூடுங்கள். எஞ்சினைக் கிளப்பி, ஃபேன் இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை காத்திருங்கள். அதற்குள் ரேடியேட்டர் ஹோஸ்கள் இரண்டும் சூடாகி, ஹீட்டரிலும் சூடான காற்று வர வேண்டும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. வடித்தது 5 லிட்டர், ஊற்றியது 3.5 லிட்டர் என்றால் மீதி இடத்திலும் காற்றுதான்.

வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்புகள் படிந்து ரேடியேட்டரை அடைக்கும், துருவும் பிடிக்கும். அடர் கூலண்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது, சில கலவைகள் கூழாகத் திரியும்.

அடுத்த இரண்டு மூன்று நாள், வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சியிருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஹவுசிங்கின் அடியில் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வடித்த பழைய கூலண்டை மூடிய கேனில் போட்டுக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு அது. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கிவிடும் முன் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.