வெளி ஷூட் விழாத பிள்ளை கூடைப்பந்தில் மேலே வர முடியுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாஸ்டர், பையன் நல்லா ஓடுறான், டிஃபென்ஸும் நல்லா பண்றான். வெளியே இருந்து போட்டா மட்டும் விழ மாட்டேங்குது. செலக்‌ஷன்ல எடுப்பாங்களா?"

பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் நெருங்கினால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எந்தக் கோர்ட் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கொடைக்கானலிலும் இதே கதைதான். நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளி அணியில் தாராளமாக ஆடலாம். மாவட்டம், மண்டலம் வரைக்கும்கூட வெளி ஷூட் இல்லாமல் போய்விடலாம். அதற்கு மேலே ஒவ்வொரு படியிலும் கஷ்டம் கூடும், ஆனாலும் வழி அடைபட்டுவிடாது. நான் பார்த்தவரை பிள்ளைகளின் வாய்ப்பை அதிகம் கெடுப்பது, அந்தக் குறையைச் சுற்றி அவர்களும் நாமும் செய்கிற சில தவறுகள்தான்.

போடவே பயப்படுவது

பென் சிம்மன்ஸ் கதை இதற்குப் பொருத்தமானது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2018-இல் சிறந்த புதுமுகம், அப்புறம் மூன்று முறை ஆல் ஸ்டார். வளைவுக் கோட்டுக்கு வெளியே இருந்து போடுகிற த்ரீ பாயிண்ட் ஷூட் என்பதே அவரிடம் கிடையாது என்று சொல்லலாம். பாஸும் டிஃபென்ஸும் வேகமும் அவரை அவ்வளவு தூரம் கொண்டு போயின. ஆக, வெளி ஷூட் இல்லாமல் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் 2021 பிளேஆஃபில் (லீக் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) அவர் போட்ட 73 ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஷூட்) 25 மட்டுமே விழுந்தன. அது மனதுக்குள் புகுந்துவிட்டது. அந்த வருடம் ஜூன் 20 அன்று அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தன்னைத் தடுத்தவரைத் தாண்டி ரிங்குக்கு அடியில் வந்து நிற்கிறார். பக்கத்தில் இருப்பது அவரைவிடக் குள்ளமான ட்ரே யங் மட்டும். எழும்பி டங்க் பண்ணியிருக்கலாம். அவர் பந்தைப் பாஸ் பண்ணிவிட்டார். அவருடைய ஃபிலடெல்பியா அணி தோற்றது, அந்த அணிக்காக அவர் மறுபடி ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20. மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெடோகும்போவுக்கும் வெளி ஷூட் சுமார்தான். பத்து த்ரீ போட்டால் மூன்றுகூட விழாது. அந்த பிளேஆஃப் முழுக்க அவர் ஃப்ரீ த்ரோ லைனில் நிற்கும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கேலி செய்தார்கள். அவர் போடுவதை நிறுத்தவில்லை. ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோவில் 17 விழுந்தது, மொத்தம் 50 பாயிண்ட், கோப்பை மில்வாக்கிக்கு.

நம் பிள்ளைகளிடம் இதே தயக்கத்தை நிறையப் பார்க்கிறேன். இரண்டு ஷூட் தவறினால் மூன்றாவது முறை காலியாக நின்றாலும் பந்தைத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பாதிக் காரணம் வெளியே நிற்கிற நாம்தான். தவறிய ஷூட்டுக்குக் கத்துகிற கோச், பக்கத்தில் நின்று "அய்யோ" என்கிற அப்பா. திட்டுவதாக இருந்தால் காலியாக நின்றும் போடாமல் விட்டதற்குத் திட்டுங்கள். காலில் சமநிலையோடு, சரியான நேரத்தில் போட்டுத் தவறியதற்கு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஃப்ரீ த்ரோவைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுவது

பயிற்சி முடிந்து எல்லாரும் பையைத் தூக்கும்போது "ஆளுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டுட்டுக் கிளம்புங்க" என்பது பல கோர்ட்டுகளில் வழக்கம். வெளி ஷூட் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். அவன் ரிங்கை நோக்கி ஓடிப்போய்தான் பாயிண்ட் எடுக்க வேண்டும். ஓடிப்போனால் ஃபவுல் விழும். ஃபவுல் விழுந்தால் லைனில் நிற்க வேண்டும். அங்கே தவறவிட்டால் அவனை ஃபவுல் பண்ணியே எதிரணி நிறுத்திவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்கு மூன்று த்ரீ பாயிண்ட் விழுகிற பையன் ஒரு முயற்சிக்குச் சராசரியாக 0.9 பாயிண்ட் தருகிறான். உள்ளே ஓடி ஃபவுல் வாங்கினால் ஒரு பாயிண்ட் வீதம் இரண்டு ஃப்ரீ த்ரோ; பத்துக்கு ஏழு போடுகிறவன் ஒவ்வொரு முறையும் 1.4 பாயிண்ட் தருகிறான். பத்துக்கு ஐந்துதான் விழும் என்றாலும் 1 பாயிண்ட். வெளி ஷூட் இல்லையே என்று ஏங்குகிற வீட்டில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

தூரம் போர்டிலிருந்து 4.6 மீட்டர். எந்த ஊர்க் கோர்ட்டிலும் அது மாறாது, முன்னால் யாரும் கை தூக்கி நிற்கப் போவதில்லை. பந்து கைக்கு வந்ததும் ஐந்து விநாடி நேரம் இருக்கிறது. பயிற்சியின் நடுவில், நன்றாக ஓடி மூச்சு வாங்கும்போது, இரண்டிரண்டாகப் போட வையுங்கள். ஆட்டத்தில் அப்படித்தானே வரும். இன்னொன்று: ஃப்ரீ த்ரோ ஒழுங்காக விழுகிற கைக்கு, பிற்பாடு தூரத்தைக் கூட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை.

வெளியே போய்ச் சும்மா நிற்பது

நம் பள்ளி ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஜோன் டிஃபென்ஸ்தான், அதாவது ஆளுக்கு ஆள் என்றில்லாமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், உள்ளே அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஷூட் இல்லாத பிள்ளையை வளைவுக்கு வெளியே ஒரு மூலையில் நிறுத்தினால் அவனைக் காக்க யாரும் வர மாட்டார்கள். அவனுடைய ஆள் உள்ளே போய் இன்னொருவனின் பாதையையும் அடைப்பான். நான்கு பேர் ஐந்து பேருக்கு எதிராக ஆடுகிற நிலைதான் அது. அப்புறம் "இவனால ஸ்பேஸே இல்ல" என்று அவன்மேல் பழி விழும். நிறுத்தின இடம்தான் தப்பு.

அவனை ஃப்ரீ த்ரோ லைன் நடுவில் கொண்டு வாருங்கள். ஜோனின் நடுவயிறு அது. அங்கே பந்து வந்தால் முன்னால் இருக்கிற இருவரும் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். பின்னால் நடுவில் நிற்கிறவன் மேலே வரலாமா வேண்டாமா என்று தடுமாறுவான். பந்தை வாங்கித் திரும்பி, இரண்டு பக்க மூலைக்கோ ரிங்குக்கு அடியில் ஓடுகிறவனுக்கோ பாஸ் கொடுக்கத் தெரிந்தால் போதும், ஜோன் உடைந்துவிடும். இல்லையென்றால் ரிங்குக்குப் பின்னால் இருக்கிற எண்ட் லைன் ஓரமாக, போர்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில், டிஃபென்ஸின் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இவன் வெட்டி உள்ளே வருவது தெரியாது.

ஆளுக்கு ஆள் டிஃபென்ஸ் என்றால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கோத்தகிரிப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒருத்தி அதைச் செய்வதைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். அவளுக்கு வெளி ஷூட் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவளைக் காக்க வேண்டியவள் மூன்று, நான்கு அடி பின்வாங்கி, "போடு பார்க்கலாம்" என்பதுபோல ஃப்ரீ த்ரோ லைனிலேயே நின்றுவிடுவாள். இவள் பந்து கைக்கு வந்தவுடன் தன் அணியின் நல்ல ஷூட்டர் பக்கம் ட்ரிபிள் பண்ணிப் போவாள். பந்தை அவள் கையில் கொடுப்பாள். அந்த ஷூட்டரை விரட்டி வருகிறவளுக்குக் குறுக்கே கால் அகற்றி நின்றுவிடுவாள். அவ்வளவுதான். ஷூட்டர் காலியாகிவிடுவாள், ஏனென்றால் ஓடிவந்து தடுக்க வேண்டிய இன்னொருத்தி, அதாவது இவளைக் காக்க வேண்டியவள், தூரத்தில் நிற்கிறாள். தன்னை மதிக்காமல் விட்ட இடைவெளியை அப்படியே தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள். இரண்டு முறை இது நடந்ததும் எதிரணிக் கோச் "அவளை ஒட்டி நில்லு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். ஒட்டி நின்றால் இவளுக்கு ட்ரிபிள் பண்ணி உள்ளே போக வழி கிடைத்துவிடும்!

என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் அணியில் டிரேமண்ட் கிரீன் பல வருடம் செய்துவந்தது இதேதான்.

ரீபவுண்டையும், அதாவது தவறித் தெறிக்கிற பந்தை எடுப்பதையும், இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து போட்ட ஷூட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப் பக்கம் விழும். தூரத்திலிருந்து போட்டது தூரமாகத் தெறிக்கும். தன்னை யாரும் ஒட்டி நிற்காத பிள்ளைக்கு ஓடிப்போய் எடுப்பது சுலபம்.

உயரம் குறைந்த பிள்ளை என்றால் ஃப்ளோட்டர் கற்றுக்கொடுங்கள். ஓடிவரும் வேகத்தில், தடுப்பவன் எழும்புவதற்கு முன்பே, பந்தை உயர வளைத்து விடுகிற ஷூட். 2007 ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய டோனி பார்க்கரின் பெரிய ஆயுதம் அது. அவர் உயரம் 1.88 மீட்டர்தான், என்.பி.ஏ. கணக்கில் குள்ளம்.

சின்னப் பிள்ளையைத் த்ரீ பாயிண்ட் லைனில் நிறுத்துவது

இது எதிர்ப்பக்கத் தவறு. இப்போது அதிகம் நடப்பதும் இதுதான். த்ரீ பாயிண்டுக்குப் பேர்போன என்.பி.ஏ. வீரர் ஸ்டெஃபன் கரியின் வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. பத்து வயதுப் பையன் வளைவுக்கு வெளியே நின்று, இடுப்பிலிருந்து பந்தைச் சுழற்றி எறிகிறான். பத்தில் ஒன்று விழுந்தால் எல்லாரும் கை தட்டுகிறோம். அந்தக் கைதட்டல்தான் அவன் ஷூட்டைக் கெடுக்கிறது.

சர்வதேச விதிப்படி அந்தக் கோடு 6.75 மீட்டர். 2010 வரை 6.25-ஆகத்தான் இருந்தது, பெரியவர்களுக்கே கஷ்டமாக இருக்கட்டும் என்று தள்ளி வைத்த கோடு. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் ரிங்கின் உயரமே 2.60 மீட்டர், பந்து 5-ஆம் நம்பர். நம் ஊரில் பெரும்பாலும் 3.05 மீட்டர் ரிங் ஒன்றுதான் இருக்கும், 7-ஆம் நம்பர் பந்து ஒன்றுதான் இருக்கும். ரிங்கை இறக்க முடியாவிட்டால் போகட்டும், பந்தையாவது மாற்றலாம். பன்னிரண்டு வயதுக்குள் 5, அப்புறம் 6. பெண்களுக்குக் கடைசிவரை 6-தான். பையன்கள் கை வளர்ந்த பிறகு 7-க்குப் போகட்டும்.

ஷூட் கற்க வேண்டிய இடம் ரிங்கிலிருந்து ஒரு மீட்டர். ஒரே கையில் பந்து, உள்ளங்கை படாமல் விரல்கள் தாங்க, முழங்கை பந்துக்கு நேர் கீழே. விட்ட பிறகு மணிக்கட்டு மடங்கி, கை அப்படியே மேலே நிற்கட்டும். ரிங்கின் ஓரம் படாமல் தொடர்ந்து சில விழுந்தால் ஓர் அடி பின்னால். முழங்கை வெளியே விரிய ஆரம்பித்த இடம் எதுவோ அதுதான் இன்றைய எல்லை. அதற்கு மேல் அன்று போக வேண்டாம்.

3x3 (பக்கத்துக்கு மூன்று பேர், ஒரே ரிங்) ஆடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும். அதில் உள்ளே போட்டால் 1, வெளியே போட்டால் 2. சாதாரண ஆட்டத்தில் ஒன்றரை மடங்காக இருக்கிற வெளி ஷூட் அங்கே இரண்டு மடங்கு. வெளி ஷூட் இல்லாத பிள்ளைக்கு அது இன்னும் கடினமான ஆட்டம்.

"இவனுக்கு வராது" என்று முடிவு கட்டுவது

ஜேசன் கிட் 1994-இல் என்.பி.ஏ.வுக்கு வந்தபோது அவரை வெளி ஷூட் இல்லாதவர் என்றே சொன்னார்கள். 2013-இல் ஓய்வு பெறும்போது அதுவரை அதிக த்ரீ போட்டவர்கள் வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்தார். புரூக் லோபஸ் முதல் 8 சீசனில் போட்டது மொத்தமே 3 த்ரீ; அடுத்த ஒரே சீசனில் 134. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "ஷாக்கீல் ஓநீல் வாழ்நாளிலேயே ஒரு த்ரீதான் போட்டார், நாலு சாம்பியன்ஷிப் ஜெயிச்சார்" என்று சொல்லி ஷூட் பயிற்சியையே விட்டுவிடுவது. ஓநீலின் உயரம் 2.16 மீட்டர்.

மலையை மறந்து பயிற்சி செய்வது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இங்கே இருக்கிறது. அதனால் கோயம்புத்தூரில் காற்றடித்து வாங்கி வந்த பந்து மேலே வந்ததும் கல்லாகிவிடும், ரிங்கில் பட்டால் தெறித்து ஓடும். ஊட்டிக் குளிரில் 8 பி.எஸ்.ஐ. (பந்தின் காற்றழுத்த அளவு) அடித்த பந்து கோயம்புத்தூர் வெயிலில் 6-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ட்ரிபிளே எழும்பாது. பிள்ளை தன் கை கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். பம்ப்பும் ஊசியும் பையிலேயே இருக்கட்டும். தலை உயரத்திலிருந்து பந்தை விட்டால் இடுப்புக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும், அந்த அளவு சரி.

மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போன கையோடு ஷூட் பயிற்சி வேண்டாம். முதலில் ஓட்டம், பாஸ். கை சூடான பிறகு ரிங். மாலையில் மூடுபனி இறங்கினால் பந்து ஈரமாகி வழுக்கும். அப்போது போடுகிற ஷூட்டில் பந்தை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தை டிஃபென்ஸ் கால்வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், சிமெண்ட் தரை வழுக்காமல் இருந்தால்.

மழைக்காலம் பெரிய பிரச்சினை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. கோர்ட் நாள்கணக்கில் காயாது. எஸ்டேட் லைன் வீட்டிலும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. பாயில் மல்லாந்து படுத்து, ஷூட் போடுகிற கையால் பந்தை நேர் மேலே விட்டு, திரும்ப அதே கையில் வாங்க வேண்டும். பந்து பக்கவாட்டில் சாய்ந்தால் விரலோ முழங்கையோ கோணலாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். கூரைக்கு ஒரு சாண் கீழே நிற்கிற மாதிரி விட்டால் கட்டுப்பாடும் வரும்.

கீழே போட்டி என்றால், முடிந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். விடியற்காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையமோ வத்தலகுண்டோ போய்ச் சேர்ந்து, அந்த வெயிலில் நேராகக் கோர்ட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே கால் ஓய்ந்துவிடும். கால் ஓய்ந்தால் ஷூட் ரிங்குக்கு முன்னாலேயே விழும். அப்போது "கையைத் தூக்கிப் போடு" என்று கத்துவதில் பயனில்லை. தண்ணீர் கொடுத்து இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார வையுங்கள், திரும்ப உள்ளே போனதும் முதல் பந்தை ரிங்குக்குப் பக்கத்திலேயே வாங்கச் சொல்லுங்கள்.