ஸ்டேடியத்துக்கு அரசுப் பணம்: கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கோவைக்குச் சர்வதேசத் தரத்தில் ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம் தருவதாக மு.க.ஸ்டாலின் வாக்குறுதி கொடுத்தார். அப்புறம் ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலத்தை இடமாகப் பார்த்தார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கணக்கில்தான் கவனம் வேண்டும்.

ஸ்டேடியம் வந்தால் ஊரில் பணம் புரளும் என்று அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. சிங்காநல்லூர்க் குடும்பம் ஒன்று மேட்ச் பார்க்கப் போய் இரண்டாயிரம் ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி கிராஸ்கட் ரோடு துணிக்கடைக்கோ, சினிமாவுக்கோ, ஓட்டலுக்கோ போயிருக்கும். கடை மாறிய பணத்தைப் புது வருமானமாக எழுதக்கூடாது. ஈரோட்டிலிருந்து ஆள் வந்தால் கோவைக்கு வரவு, ஈரோட்டுக்குக் குறைவு. செலவு செய்யும் மாநில அரசுக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர், இப்படிக் கொடுக்கும் மானியம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்றே சொல்கிறார்கள்.

மேட்ச் நாட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளைக்கே கோவைக்கு ஓர் ஐபிஎல் அணி வந்தாலும், லீக் சுற்றின் 14 ஆட்டங்களில் சொந்த ஊரில் 7தான். தமிழ்நாட்டு அணிகள் மோதும் டிஎன்பிஎல்லும் சில நாட்கள்தான். புல்லுக்குத் தண்ணீர், காவல், பராமரிப்பு எல்லாம் வருஷம் முழுக்க.

அரசு நிலம்தானே, இலவசம்தானே என்பதும் தவறு. அங்கே வேறு என்ன வந்திருக்கலாம் என்பதும் செலவுதான்.

கட்ட வாங்கிய கடன் கட்டிடத்தைவிட நீண்ட காலம் வாழலாம். சியாட்டிலில் 1976இல் திறந்த கிங்டோம் அரங்கத்தை 2000இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் 2015இல்தான் அடைந்தது.

எதிர்ப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: விளையாட்டுக்குச் செலவழிப்பதே வீண் என்கிறார்கள். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி மேலே வந்தவர். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊர்தோறும் மைதானம், வலை, பயிற்சியாளர் தருவது அரசின் கடமை. டிக்கெட் விற்று லாபம் பார்க்கும் தொழில்முறை லீக்குக்கு அரங்கம் கட்டித் தருவது வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்ப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

கட்டத்தான் போகிறோம் என்றால், சரி. மேட்ச் இல்லாத நாளில் கேட் யாருக்குத் திறக்கும், பராமரிப்பு யார் பொறுப்பு, விளம்பரத்திலும் பார்க்கிங்கிலும் வரும் பணத்தில் அரசுக்கு எவ்வளவு என்பதை டெண்டருக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.