கீழே கடை, மேலே வீடு: மலைநாட்டு டவுனில் முற்பணம் கொடுக்குமுன்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற டவுன்களில் கீழே கடை, மேலே வீடு கிடைத்தால் விடமாட்டார்கள். அடைமழையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கண்ணெதிரே இருக்கும். சிவனொளிபாதமலை சீசனில் விடியுமுன் வந்திறங்கும் யாத்திரிகர்களுக்காக மூன்று மணிக்கே தேநீர்க் கடையைத் திறக்கலாம். ஆனால் பலர் முகப்பைப் பார்த்தே முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்சுவரை.

இங்கே பல கட்டடங்கள் சரிவை வெட்டி எழுப்பியவை: முன்னால் மூன்று மாடி, பின்னால் ஒன்று. நல்ல கட்டடத்தில் மண்ணைத் தாங்கும் சுவர் வேறு, கடைச் சுவர் வேறு. இடையில் இரண்டடி இடைவெளியும் தண்ணீர் ஓடும் கானும் இருக்கும். தாங்குசுவரின் அடியில் ஏறக்குறைய ஐந்தடிக்கு ஒன்றாக மூன்றங்குல பிவிசி குழாய் நீட்டியிருக்க வேண்டும். மழை நாளில் அதிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லையென்றால் மண் அடைத்திருக்கக்கூடும். தண்ணீர் தேங்கினால் அதன் பாரத்தில் சுவர் வயிறு தள்ளும். அந்த இடைவெளியைத் தகரம் போட்டு மூடி ஸ்டோர் ரூம் ஆக்கியிருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

வெயில் காலத்தில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் நவம்பர், டிசம்பரிலும் போய்ப் பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சோதியுங்கள்: ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்புறம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது, எந்தப் பெயின்ட்டும் நிற்காது. அதன் வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சமையல் ஆவி வெளியே போக வழி செய்தால் பெரும்பாலும் போதும். எப்படியானாலும் சாமான் அடுக்கும் தட்டுகளைச் சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி வையுங்கள். அரிசி மூட்டை பலகை மேல்தான் இருக்க வேண்டும்.

மேலே உள்ள சரிவையும் ஏறிப் பாருங்கள். சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவையெல்லாம் கெட்ட அறிகுறி. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களை மண் மூடியதை யாரும் மறக்கவில்லை. புதிதாகக் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்பார்கள். வாடகைக்கு எடுப்பவரும் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்பதில் தப்பில்லை.

அடுத்தது படிக்கட்டு. கடைக்குள்ளால் மட்டும் ஏறும் வீடு ஆபத்து. கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு வழியில்லை. சரிவில் கட்டியதால் வரும் ஒரு வசதி, மேல்மாடியின் பின்கதவு பெரும்பாலும் மேல் ரோட்டுக்குச் சமமாக இருப்பது. அதைப் பலகை அடித்து மூடியிருந்தால் திறந்து தரச் சொல்லுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைக் கீழ்த் தளத்தின் பின்னறையில் வைக்காதீர்கள். குளிருக்காகப் பூட்டிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதும் வேண்டாம், அதன் புகையற்ற நஞ்சு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கடைக்கு ஒரு மின்மானி, வீட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் கட்டணப் பிரிவு வேறு என்பதால் ஒன்றிலேயே ஓட்டினால் பிறகு வம்பு. ஆயிரம் லீட்டர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் ஒரு தொன்னுக்கு மேல். அது சுவருக்கோ பீமுக்கோ நேர்மேலே இருக்க வேண்டும், வெறும் சிலாப்பின் நடுவில் அல்ல. தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வியாபார அனுமதிப்பத்திரம் மாநகரசபையிலோ நகரசபையிலோ பிரதேச சபையிலோ.

கீழே என்ன தொழில் என்பதும் யோசிக்க வேண்டியதே. தையல், மருந்துக்கடை, போன் கடைக்கு மேலே நிம்மதியாகக் குடியிருக்கலாம். மிளகாய் மில்லுக்கு மேலே இருமிக்கொண்டே இருக்க வேண்டும். பேக்கரிக்கு மேலே வீடு காய்ந்து கதகதப்பாக இருக்கும், தூக்கம்தான் இரவு இரண்டு மணியோடு சரி.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். எழுதும்போது பின்சுவரையும் கானையும் யார் செலவில் பராமரிப்பது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.