ஆர்32 ஜிடி-ஆர்: பூஸ்ட்டில் கை வைக்கும் முன்

ஜப்பானிலிருந்து இறக்குமதியான நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் வாங்கியவர்களுக்கு முதலில் கை துறுதுறுப்பது டர்போ பூஸ்ட்டில்தான், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவதில்தான். கொஞ்சம் பொறுங்கள். 1989 முதல் 1994 வரை வந்த இந்த வண்டியின் ஆர்பி26 இன்ஜினில் இரண்டு டர்போ. சாதாரண மாடலில், சூடான புகை சுழற்றும் பக்கத்துச் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு, சட்டென்று வேகமெடுக்கும். ஆனால் பூஸ்ட்டை 1 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் ஏற்றி விரட்டினால் தண்டிலிருந்து கழன்று சிதறலாம். அந்தத் தூள் இன்ஜினுக்குள் போனால் செலவு டர்போவோடு நிற்காது.

பூஸ்ட் கன்ட்ரோல் ஹோஸுக்குள் கம்பெனி வைத்த சின்ன அடைப்புத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுமார் 0.7 பாரில் நிற்கும். பழைய ஓனர் அதைப் பிடுங்கியிருந்தால் 1 பாரை ஒட்டி ஓடும். விற்பவர் ‘எல்லாம் ஸ்டாக்தான்’ (கம்பெனி கொடுத்தபடியேதான்) என்று சத்தியம் செய்தாலும் தனியாக ஒரு பூஸ்ட் மீட்டர் மாட்டி ஓட்டிப் பாருங்கள். டேஷ்போர்டில் இருப்பதற்கு வயதாகிவிட்டது.

அதற்கு மேல் பவர் வேண்டுமென்றால் முதலில் உலோகச் சக்கர டர்போ, பிறகு ட்யூனிங். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையா? 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற கணக்கை நம்பாமல் உடனே மாற்றிவிடுங்கள்.