மலைச் சைக்கிளில் நெஞ்சில் கேமரா மாட்டுவது எப்படி

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்கும்போது ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா சரிவைத் தட்டையாகக் காட்டிவிடும். நெஞ்சுப் பட்டைதான் நல்லது. ஹேண்டில்பாரும் கைகளும் படத்தில் இருந்தால்தான் வேகமும் இறக்கமும் தெரியும்.

பட்டையைச் சட்டைக்கு மேல், நெஞ்செலும்பின் நடுவில் வருமாறு கட்டுங்கள். அடியில் இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். தளர்ந்தால் படம் குலுங்கும். அதிகம் இறுகினால் ஏற்றத்தில் மூச்சு முட்டும். தண்ணீர்ப் பை மாட்டுபவர்கள் பட்டையை முதலில் கட்டி, பையைப் பிறகு மாட்ட வேண்டும். பையின் குழாய் லென்ஸுக்கு முன்னால் தொங்கக் கூடாது.

பெரும்பாலோர் தவறுவது கோணத்தில். நிமிர்ந்து நின்று சரிசெய்தால், குனிந்து ஓட்டும்போது முன்சக்கரமும் மண்ணும் மட்டுமே பதிவாகும். சைக்கிளில் ஏறி, பெடலில் நின்று, முழங்கை மடக்கி, இறங்கும் நிலையிலேயே லென்ஸை மேலே தூக்குங்கள். ஹேண்டில்பார் படத்தின் கீழ்ப்பகுதியில் வர வேண்டும். கேமராவைத் தலைகீழாக மாட்டினால் மேல்நோக்கிச் சாய்க்க இடம் கிடைக்கும். படத்தைத் திருப்பும் அமைப்பை மறக்காமல் போடுங்கள்.

நொடிக்கு 60 பிரேம், அகலக் கோணம், நடுக்கம் குறைக்கும் வசதி, மூன்றும் வேண்டும். மரநிழலில் வெளிச்சம் குறைந்தால் படம் மங்கும். வேலூர் வெயிலில் நின்றபடி பதிவு செய்தால் கேமரா சூடேறி அணைந்துவிடும், ஓய்வெடுக்கும்போது பதிவை நிறுத்திவிடுங்கள். கேமராவைப் பட்டையில் பிடித்திருக்கும் திருகாணியை முதல் இறக்கம் முடிந்ததும் மறுபடி முறுக்குங்கள்.