ஐந்தடிக் குளியலறைக்கு எந்த அளவு பாத்டப்?

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையின் அகலம் வரைபடத்தில் 5 அடி என்பதால், 1500 மில்லிமீட்டர் நீளமுள்ள பாத்டப் சுவருக்குச் சுவர் கச்சிதமாக அமர்ந்துவிடும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஆனால் வரைபடத்தில் இருப்பது பூசாத சுவர்களுக்கு இடைப்பட்ட அளவு. இருபுறமும் பூச்சும் டைல்ஸும் ஏறிய பிறகு, தரைமட்டத்திலும் தொட்டி விளிம்பு வரும் உயரத்திலும் டேப்பைத் தனித்தனியே பிடித்துப் பார்த்ததில், குறுகலான இடத்தில் 1470 மில்லிமீட்டரே இருந்தது. எனவே 1400க்கு 700 அளவைத் தேர்ந்தெடுத்து, மிஞ்சிய இடைவெளியில் சோப்பு வைக்க ஒரு கிரானைட் துண்டைப் பதித்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கதவு வழியாக நுழையுமா என்ற கவலைக்கு விடை எளிது: தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கும்போது அதன் அகலத்தைவிட உயரமே கணக்கு.

பெரிய தொட்டி வேண்டாம் என்பதற்கு வெந்நீரும் ஒரு காரணம். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடான நீரை 25 டிகிரித் தண்ணீருடன் கலந்தால், 38 டிகிரியில் ஏறக்குறைய 65 லிட்டர்தான் கிடைக்கும். மார்கழிக் குளிரில் அதுவும் குறையும். முழங்கால் வலிக்காக அம்மா கால் நீட்டி அமர அதுவே போதுமானதாக உள்ளது.

தொட்டியை மூடிக் கட்டும்போது, கழிவுநீர்க் குழாய் இருக்கும் பக்கம் ஒரு டைலை மட்டும் சிமெண்ட் வைக்காமல் சிலிகானால் ஒட்டச் சொன்னேன். அடைப்பு ஏற்பட்டால் அதைக் கழற்றினால் போதும்.